மின்நூல் கருவி மக்கர் செய்தால்...

சென்ற ஆனி மாதம், மழை விடாமல் கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. பள்ளுருத்தியில் எங்கள் வீட்டு வாசலில் குடையை மடக்கி வைத்துவிட்டு, நம் சங்கத்து அன்பர் ஒருவர் பிளாஸ்டிக் பையில் சுற்றிய பொருளொன்றை எடுத்து நீட்டினார். மகன் துபாயிலிருந்து வாங்கி அனுப்பிய ஈ-ரீடர். "சார், இதுல தமிழே வரமாட்டேங்குது. எல்லாம் கட்டம் கட்டமா வருது. மெஷின் போச்சுன்னு சொல்றாங்க" என்றார். மெஷின் போகவில்லை. அவர் காப்பி குடித்து முடித்துச் சற்றுநேரம் பேசிக்கொண்டிருந்ததற்குள் அதில் பெரியபுராணம் ஓடத் தொடங்கிவிட்டது.

இப்படி நான்கைந்து பேர் வந்துவிட்டதால், சங்க மலரிலேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் இந்தியும் படிக்கிறார்கள். தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால் ஊருக்குப் போகும்போது வாங்கி வந்தால்தான் உண்டு. கண் மங்கிய பெரியவர்களுக்கோ அச்சுப் புத்தகத்தின் எழுத்து போதாது. ஆகவே எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கக்கூடிய இந்தக் கருவி நமக்கு ஆடம்பரப் பொருள் அல்ல. அது படுத்துக்கொண்டால் வீட்டில் தமிழ் படிப்பதே நின்றுபோகிறது.

முதலில் ஒரு சோதனை. தமிழ் நூல் சரியாகத் தெரியவில்லை என்றால், அதே கருவியில் ஆங்கில நூல் ஒன்றையும் வேறொரு தமிழ் நூலையும் திறந்து பாருங்கள். இரண்டும் நன்றாகத் தெரிந்தால் கோளாறு கருவியில் இல்லை, அந்தக் கோப்பில் இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் சரியாக வந்து தமிழ் எதுவுமே வராவிட்டால், கருவியின் மென்பொருள் பழையது என்று சந்தேகப்படலாம். அமேசான் கிண்டிலில் தமிழ் நூல்கள் முறையாக வரத் தொடங்கியது 2016 டிசம்பரில்தான். அதற்கு முந்தைய மென்பொருளோடு அலமாரியில் தூங்கிய கருவிக்குத் தமிழ் சரியாகத் தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை. செட்டிங்ஸில் போய் அப்டேட் கொடுங்கள். சார்ஜ் நன்றாக ஏறியிருக்கட்டும், நடுவில் அணைக்காதீர்கள்.

இனி, திரையில் என்ன தெரிகிறது என்பதை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம். எனக்கு இதில்தான் ஆர்வம், ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெறும் கட்டங்கள் தெரிந்தால், கருவியிடம் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். பல கருவிகளில், கேபிள் வழியாகக் கணினியில் இணைத்தால் 'ஃபாண்ட்ஸ்' என்ற பெயரில் ஒரு பெட்டி தெரியும். கிண்டிலில் இந்த வசதி 2018 முதல் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ தமிழ் எழுத்துருவை அதில் போட்டுவிட்டு, நூலைத் திறந்து எழுத்துப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுங்கள்.

திரை முழுக்க ஆங்கில 'ஏ' எழுத்தின் தலையில் சாய்ந்த கோடும், பக்கத்திலேயே வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் திரும்பத் திரும்ப வருகிறதா? கவலை வேண்டாம், உள்ளே இருப்பது நல்ல யூனிகோடு தமிழ்தான். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. கருவி அதை மூன்று தனித்தனி எழுத்தாகப் படித்துத் தொலைக்கிறது. எல்லாத் தமிழ் எழுத்துக்கும் முதல் பைட்டு ஒன்றே என்பதால்தான் அந்த 'ஏ' ஓயாமல் வருகிறது. கணினியில் காலிபர் என்ற இலவச மென்பொருளை நிறுவி (2006-இல் கோவிட் கோயல் தொடங்கியது), நூலை மாற்றும்போது உள்ளீட்டுக் குறிமுறை என்ற இடத்தில் யூடிஎஃப்-8 என்று கொடுத்தால் தீர்ந்தது.

அப்படி ஒழுங்கு எதுவும் இல்லாமல் பலவிதக் குறிகளோ, அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளோ வந்தால், அது பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு. தொண்ணூறுகளில் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோம். பாமினியில் 'தமிழ்' என்று அடித்ததை எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரும்! பிறகு டிஸ்கி வந்தது. சென்னையில் 1999-இல் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாப், டாம் வந்தன. தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றது. அந்தப் பழைய கோப்புகளை அப்படியே கருவியில் போட்டால் ஒன்றும் புரியாது. சுரதாவின் 'பொங்கு தமிழ்' போன்ற மாற்றியில் ஒட்டி, யூனிகோடாக எடுத்துக்கொண்டு பிறகு ஏற்றுங்கள்.

இன்னொரு வகை, எழுத்துகள் தமிழாகவே இருக்கும், ஆனால் 'கொடி' என்பது 'ெகாடி' என்று, புள்ளி வட்டத்தோடு உடைந்து கிடக்கும். யூனிகோடில் முதலில் ககரம், பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்க வேண்டும். கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. பிடிஎஃப் கோப்பிலோ கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகள் இருக்கலாம். அதைக் காலிபரில் மாற்றினால் கொம்பு முன்னாலேயே தங்கி, ஒட்டிக்கொள்ள எழுத்து கிடைக்காமல் வட்டத்தைப் பிடித்துக்கொள்கிறது. மலையாளத்திலும் கொம்பு இதே இடத்தில்தான் வருகிறது. அவர்களுக்குக் கூடவே சில்லெழுத்துத் தொல்லையும் இருந்து, 2008-இல்தான் யூனிகோடு அதற்குத் தனி எண்கள் கொடுத்தது. நம் பாடு தேவலை.

ஆகவே தமிழ்ப் பிடிஎஃப்பை மாற்ற முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். மூலத்தையே தேடுங்கள். சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் பாரதி வரை யூனிகோடு வடிவிலேயே கிடைக்கிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஒரே நூலை ஈபப் வடிவிலும், ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பிடிஎஃப் வடிவிலும் தருகிறார்கள். தமிழே தெரியாத பழைய கருவிக்கு இந்த ஆறு அங்குலப் பிடிஎஃப் ஒரு வரப்பிரசாதம், ஏனென்றால் எழுத்தின் வடிவம் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. எழுத்தை நினைத்தபடி பெரிதாக்க முடியாது என்பது மட்டும் குறை.

தேடினால் சொல் கிடைக்கவில்லை என்றும் ஒரு தாயார் கேட்டிருந்தார். ஔவையாரைத் தேடியிருக்கிறார். நூலில் ஒகரமும் ளகரமும் சேர்த்து 'ஒளவை' என்று அடித்திருந்தார்கள். கண்ணுக்கு ஒன்று, கருவிக்கு வேறு. இரண்டு விதமாகவும் தேடிப் பாருங்கள்.

உறைந்து நிற்பது, பக்கம் புரளாதது போன்றவற்றுக்கு வைத்தியம் சுருக்கமானது. கிண்டிலில் பவர் பட்டனை 40 விநாடி விடாமல் அழுத்திப் பிடித்தால் அணைந்து மறுபடி எழும். பத்து விநாடியில் கையை எடுத்துவிட்டு "எழவில்லை" என்பவர்களே அதிகம். ஒரேயடியாக இருநூறு நூல்களை ஏற்றினால் கருவி தேடலுக்காக அவற்றையெல்லாம் உள்ளே அட்டவணைப்படுத்தும். அதுவரை மந்தமாக இருக்கும், சார்ஜும் இறங்கும். ஓர் இரவு சார்ஜில் போட்டு வையுங்கள். மறுநாளும் அப்படியே என்றால் கடைசியாக ஏற்றிய நூல்களை நீக்கிப் பாருங்கள்.

வைஃபை பிடிக்காவிட்டால் கருவியின் தேதி சரியா என்று முதலில் பாருங்கள். பழைய கருவிகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும் என்பதால், ரவுட்டரில் அது திறந்திருக்க வேண்டும்.

'ஃபேக்டரி ரீசெட்' பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. என் தகப்பனார் கம்பராமாயணத்தைக் கருவியில் படித்து, நம் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய இடங்களையெல்லாம் அடிக்கோடிட்டுக் குறிப்பும் எழுதி வைத்திருந்தார். இரண்டு வருட உழைப்பு. கருவி ஒருநாள் உறைந்துபோக, நான் ஊரில் இல்லாத சமயம், ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். அவர்கள் ரீசெட் செய்து, பளிச்சென்று புதிதுபோல் திருப்பிக் கொடுத்தார்கள். நூலை நான் மறுபடி ஏற்றிக் கொடுத்தேன். குறிப்புகள் ஒன்றுகூட இல்லை. அவர் யாரையும் குறை சொல்லவில்லை, பாலகாண்டத்திலிருந்து திரும்ப அடிக்கோடிட ஆரம்பித்தார். அயோத்தியா காண்டம் முடிவதற்குள் காலமாகிவிட்டார்.

கடையில் வாங்கிய நூல் ரீசெட் செய்தாலும் கணக்கிலிருந்து திரும்ப வரும். கேபிள் வழியாக நாமே ஏற்றியவை வராது. கிண்டிலில் குறிப்புகள் 'மை கிளிப்பிங்ஸ்' என்ற ஒரே கோப்பில் சேர்கின்றன. டாக்குமென்ட்ஸ் பெட்டியில் இருக்கும். மாதம் ஒருமுறை அதைக் கணினியில் நகலெடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. ரீசெட் என்பதைக் கடைசி மருந்தாக வையுங்கள், அதுவும் நகலெடுத்த பிறகே.

கருவியைக் காட்ட என் வீட்டுக்கு வரும் அன்பர்கள் கேபிளையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் பல உண்டு. அவற்றில் இணைத்தால் கணினிக்குக் கருவி இருப்பதே தெரியாது. போன வாரம் ஒருவர் கொண்டு வந்தது அந்த ரகம்தான். அரை மணி நேரம் இருவரும் கருவியையே திட்டிக்கொண்டிருந்தோம்.