மேலே பறக்குது, யார் கையில இருக்கு?

இந்த மாதச் சுவர் இதழில் ட்ரோன் பற்றியும் அதற்கான சட்டம் பற்றியும் எழுதுகிறேன். ட்ரோன் என்பது ஆள் ஏறாமல் பறக்கும் குட்டி விமானம். கீழே நின்று ஒருவர் ரிமோட்டால் ஓட்டுவார்.

நன்மை

போன போகத்தில் எங்கள் பெரியப்பா வயலுக்கு ட்ரோன் வைத்து மருந்து அடித்தார்கள். முதுகில் டேங்க் கட்டி அரை நாள் அடிக்கிற வேலை. ஒரு ஏக்கர் பத்து நிமிஷத்தில் முடிந்தது. பெரியப்பாவுக்கு அன்றைக்குக் கண் எரிச்சலே இல்லை. 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் கொடுக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2023 நவம்பரில் ஒப்புதல் தந்தது. அதனால் ட்ரோனே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை.

தீமை

எங்கள் தெருவில் பல வீடுகளில் குளிக்கிற இடத்துக்குக் கூரை கிடையாது. நாலு பக்கமும் கீற்றுத் தட்டி, மேலே வானம். சித்திரை மாதம் ஒருநாள் சாயங்காலம் 'விர்ர்' என்று சத்தம் கேட்டது. பார்த்தால் தட்டிக்கு நேர் மேலே ஒரு ட்ரோன் நின்றுகொண்டிருந்தது. உள்ளே அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். அம்மா கத்தியதும் அது தென்னை மரத்துக்கு அப்பால் போய்விட்டது. யாருடையது என்று கேட்டோம். யாருமே ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து அக்கா விடிவதற்கு முன்னால் இருட்டில் குளிக்கிறாள். அம்மா பழைய தார்ப்பாயை மேலே கட்டிவிட்டார்கள். தப்பு செய்தது யாரோ, பயந்து நடக்கிறது நாங்கள். அதனால்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

இப்போது உள்ள சட்டம்

நம் நாட்டில் ட்ரோன் விதிகள் 2021 ஆகஸ்ட் மாதம் வந்தன. ஒவ்வொரு ட்ரோனுக்கும், வண்டிக்கு நம்பர் இருப்பது போல, தனி அடையாள எண் வாங்க வேண்டும். வானத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருக்கிறார்கள். சிவப்பில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாது. மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்தைக் கேட்க வேண்டும். பச்சையில் 400 அடி வரை யாரையும் கேட்க வேண்டியதில்லை. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இந்த மூன்று நிறமும் விமானங்களுக்கும் ராணுவ இடங்களுக்கும் பாதுகாப்பு. எங்கள் தெரு மாதிரி கிராமத் தெருக்கள் பெரும்பாலும் பச்சைதான். கால் கிலோவுக்கு மேல் போகாத ட்ரோனை ஓட்டப் பைலட் சான்றிதழும் தேவையில்லை. எட்டிப் பார்க்க அந்தச் சின்னதே போதுமே!

பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பும் இடத்தில் ஒரு பெண் தனிமையில் இருப்பதைப் பார்ப்பதும் படம் எடுப்பதும் குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. ஆனால் ஆள் யார் என்று தெரிந்தால்தானே தண்டிக்க முடியும்? நம்பர் ட்ரோன் மேல் இருந்தாலும் தரையில் நிற்கிறவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2018 டிசம்பரில் லண்டன் அருகே கேட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் பறக்கிறது என்று சொல்லி ஓடுபாதையை மூடினார்கள். சுமார் 1,000 விமானங்கள் பாதிக்கப்பட்டன. சுமார் 1,40,000 பயணிகள் தவித்தார்கள். ட்ரோன் விட்டது யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த மார்ச்சில் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள தடை எல்லையை அந்த நாடு 5 கிலோமீட்டராகக் கூட்டியது.

வரப்போகும் சட்டம்

2025 செப்டம்பரில் நம் விமானப் போக்குவரத்து அமைச்சகம் புதிய ட்ரோன் மசோதா ஒன்றின் வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது. அதில் சிறைத் தண்டனை, ட்ரோனைப் பறிமுதல் செய்யும் அதிகாரம், அடிபட்டவர்களுக்கு இழப்பீடு எல்லாம் உண்டு. என்னைக் கேட்டால் இரண்டு கருத்து சொல்வேன்.

1. பறக்கும்போதே ட்ரோன் தன் எண்ணை ரேடியோ அலையில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பதிவு செய்யும் ட்ரோன்களுக்கு இந்த விதி இருக்கிறது. 2024 மார்ச் முதல் மீறுபவர்கள் மேல் நடவடிக்கை உண்டு.

2. ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு மேல் அந்த வீட்டுக்காரரைக் கேட்காமல் தாழப் பறந்து நிற்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

கல் எறியாதீர்கள். யார் தலையிலாவது விழுந்துவிடும். நேரம், எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தப் பக்கம் போனது என்று குறித்து வையுங்கள். வீட்டிலோ டீச்சரிடமோ சொல்லுங்கள். சிறுவர் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181. வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் இல்லை.

நாலு பக்கமும் தட்டி கட்டிக்கொள்ள எங்களுக்குத் தெரியும். மேல் பக்கத்தைச் சட்டம்தான் காக்க வேண்டும். அக்கா மறுபடி வெளிச்சத்தில் குளிக்க வேண்டும் என்பதே என் ஆசை.



ஒன்பதாம் வகுப்பு மாணவி