நாரின் பக்குவம்

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். தேங்காய் நாரைப் பாலியெஸ்டர் ரெசினில் வைத்து நீ வார்த்த பலகை முறிந்த இடத்தில், நார்கள் அறுந்திருக்கவில்லை. வழவழவென்று உருவிக்கொண்டு வெளியே நீட்டி நிற்கின்றன. நாரிடம் வலு இருந்தது. ரெசினுக்குத்தான் அதில் பிடிமானம் கிடைக்கவில்லை.

நாரின் மேல் மெழுகு படிந்திருக்கிறது. அதன் செல்லுலோஸ் ஈரத்தை இழுக்கும். ரெசினோ ஈரத்தோடு ஒட்டாது. காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால் மெழுகும் பெக்டினும், ஹெமிசெல்லுலோஸிலும் லிக்னினிலும் ஒரு பகுதியும் கரைந்துபோகும். மேற்பரப்பு சொரசொரப்பாகி ரெசினுக்குப் பிடி கிடைக்கும். ஜான் மெர்சர் பருத்திக்குச் செய்து 1850இல் காப்புரிமை பெற்ற முறையும் இந்தக் காரத்தை வைத்துத்தான்.

லிட்டருக்கு 50 கிராமில் தொடங்கு. சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொட்டியருகே போகாதே.

தொடக்க காலத்தில், காரம் கூடக்கூடப் பிடிமானமும் கூடும் என்று நம்பி ஒரு கட்டு நாரையே பாழாக்கினேன். காரம் மிஞ்சினால் நாரின் உள்கட்டே குலையும். பிடிமானம் கூடும்போதே நாரின் வலு குறையத் தொடங்கும் இடம் ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடிப்பதுதான் உன் வேலை. ஊறும் நேரத்தை மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் தனி நாரை இழுத்துப் பார். பலகையையும் முறித்துப் பார். தேங்காய் நாரில் லிக்னின் அதிகம், கற்றாழை நாரில் செல்லுலோஸ் அதிகம். ஒன்றின் அளவு மற்றதற்குப் பொருந்தாது.

பிறகு நன்றாக அலசு. கடைசி அலசலில் சில துளி அசெட்டிக் அமிலம் சேர்த்து, லிட்மஸ் தாள் நிறம் மாறாத நிலை வரும் வரை அலசு. முழுக்கக் காயவிடு. ஈரம் மிச்சமிருந்தால் பலகைக்குள் குமிழி விழும்.

ஊறவைத்த பழுப்புத் தண்ணீரை வாய்க்காலில் விடாதே. அமிலம் சேர்த்துக் காரத்தைப் போக்கினாலும், அதில் கரைந்திருக்கும் பொருள்கள் நீரின் ஆக்சிஜனைத் தின்னும். இயற்கை நார் என்று சொல்லி விற்கிறவர்கள் நாம். அந்தச் சொல்லுக்கு உண்மையாக இருக்க வேண்டுமானால், முதல் தொட்டி கட்டும்போதே கழிவுநீரைச் சுத்திகரிக்கவும் ஒரு தொட்டி கட்டு.

அன்புடன்,
உன் அண்ணன்