விமானப் பயணத்தில் காதைக் காப்போம்: இரைச்சல் தடுக்கும் இயர்ஃபோனைத் தேர்ந்தெடுக்கும் முறை

தஞ்சோங் மாலிமிலிருந்து விமானம் ஏறப் புறப்படுபவரின் காதுக்கு வீட்டு வாசலிலேயே வேலை தொடங்கிவிடுகிறது. கொமுட்டர் ரயிலில் கோலாலம்பூர் சென்ட்ரல் வரை ஒரு பயணம், அங்கிருந்து விமான நிலைய ரயிலில் 57 கிலோமீட்டர், அதன் பிறகு விமானம். திருச்சிக்கோ சென்னைக்கோ போவதானால் வானில் மட்டும் ஏறக்குறைய 4 மணி நேரம். சபா, சரவாக்கில் பணிபுரியும் ஆசிரியர்களும் வேலை நிமித்தம் அடிக்கடி பறப்பவர்களும் ஆண்டுக்குப் பல முறை இப்படிப் போய் வருகிறார்கள். இந்த நேரம் முழுவதும் காதில் இயர்ஃபோன் இருப்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

இயர்ஃபோன் வாங்கும்போது பலரும் விலையையும் பாட்டின் தரத்தையும் பார்க்கிறோம். காதின் நலனுக்கு ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்: இதை அணிந்தால் ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்க முடியுமா?

காதுக்குள் என்ன நடக்கிறது?

நம் உட்செவியில் நத்தை ஓடு போன்ற சிறிய உறுப்பு ஒன்று உள்ளது. அதில் ஏறத்தாழ 15,000 நுண்ணிய உணர்மயிர் அணுக்கள் இருக்கின்றன. ஒலியை மூளைக்கு அனுப்புபவை இவையே. அளவுக்கு மீறிய ஒலி நெடுநேரம் தாக்கினால் இவை சோர்ந்து, பின்னர் அழிகின்றன. அழிந்த அணு மீண்டும் முளைப்பதில்லை. இழந்த கேள்திறனை மருந்தால் திரும்பப் பெறவும் முடியாது.

இந்த இழப்பு வலி இல்லாமல் வரும். முதலில் மெல்லிய, உச்சமான ஒலிகள் மங்கும். ஒருவர் பேசுவது கேட்கும், ஆனால் சொல் தெளிவாகப் புரியாது. ‘காசு’ என்றாரா ‘காது’ என்றாரா என்ற குழப்பம் வரும். வீட்டில் உள்ளவர்கள், “தொலைக்காட்சியை ஏன் இவ்வளவு சத்தமாக வைக்கிறீர்கள்?” என்று கேட்கும்போதுதான் பலருக்கு விஷயம் தெரியவருகிறது.

ஒரு சிறு கணக்கு

ஒலியின் அளவை டெசிபல் என்ற அலகால் குறிக்கிறோம். 3 டெசிபல் கூடினால் காதில் விழும் ஒலி ஆற்றல் இரு மடங்காகிறது. ஆகவே பாதுகாப்பாகக் கேட்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. பெரியவர்கள் வாரத்தில் 80 டெசிபல் அளவில் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி. 90 டெசிபல் என்றால் வாரத்திற்கு 4 மணி நேரம்தான். சிறுவர்களுக்கு வரம்பு இன்னும் குறைவு: 75 டெசிபல், 40 மணி நேரம்.

பறக்கும் விமானத்தின் உள்ளே இரைச்சல் பொதுவாக 75 முதல் 85 டெசிபல் வரை இருக்கும். 80 என்று வைத்துக்கொள்வோம். எப்போதாவது பறக்கும் பயணிக்கு இந்த இரைச்சல் மட்டும் பெரிய ஆபத்து அல்ல. அதை வெல்ல நாம் கூட்டும் ஒலிதான் ஆபத்து.

பாட்டும் வசனமும் தெளிவாகக் கேட்க, இரைச்சலைவிட 10 டெசிபல் கூட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். காதில் விழுவது 90 டெசிபல். திருச்சி போய்ச் சேர்வதற்குள் ஒரு வாரத்திற்கான அளவு தீர்ந்துவிடும். திரும்பி வரும் பயணம் அதற்கு மேல்.

இப்போது 20 டெசிபல் இரைச்சலைத் தடுக்கும் இயர்ஃபோனை அணிந்திருப்பதாகக் கொள்வோம். காதுக்குள் இரைச்சல் 60 டெசிபலாக இறங்குகிறது. 70 டெசிபலில் வைத்தாலே பாட்டு தெளிவாகக் கேட்கும். அதே பயணம், அதே பாட்டு. காதுக்கு ஆபத்து இல்லை.

எந்த வகை பொருத்தம்?

1. காது வாயிலில் மட்டும் உட்காருபவை: இவை வெளி இரைச்சலை அநேகமாகத் தடுப்பதில்லை. விமானத்தில் ஒலியைக் கூட்டத் தூண்டுபவை இவையே.

2. காதுத் துளையை அடைப்பவை: சிலிகான் அல்லது நுரைப்பஞ்சு முனை கொண்டவை. சரியாகப் பொருந்தினால் நன்றாகத் தடுக்கும். பொருந்தாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை.

3. காதை முழுவதும் மூடுபவை: துளைக்குள் எதையும் செருகப் பிடிக்காதவர்களுக்கு ஏற்றவை. மூக்குக் கண்ணாடியின் காம்பு இடையில் சிக்கினால் அந்த இடைவெளி வழியாக இரைச்சல் நுழையும்.

4. மின்னணு முறையில் இரைச்சலைக் குறைப்பவை: வெளி ஒலியை ஒலிவாங்கி கேட்டு, அதற்கு எதிரான அலையை உருவாக்கி அதைத் தணிக்கும். இயந்திரத்தின் ‘ஊம்’ என்ற தொடர் ஒலிக்கு இது மிக நல்லது. குழந்தையின் அழுகை, பக்கத்து இருக்கைப் பேச்சு ஆகியவற்றுக்கு அவ்வளவு பயன் தராது. அவற்றை நல்ல அடைப்புதான் தடுக்கும். அடிக்கடி பறப்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்த வகை உகந்தது. பாட்டு எதுவும் போடாமலேயே இதை அணிந்து ஓய்வெடுக்கலாம்.

பொருந்துகிறதா என்று எப்படி அறிவது?

• பெட்டியில் வரும் எல்லா அளவு முனைகளையும் போட்டுப் பாருங்கள். வலக் காதுக்கும் இடக் காதுக்கும் வேறு அளவு தேவைப்படலாம்.
• ஒரு கையால் காது மடலை மேலும் பின்னும் மெல்ல இழுத்து, மறு கையால் செருகுங்கள்.
• நுரைப்பஞ்சு முனையானால் விரலால் நசுக்கிச் செருகி, விரியும் வரை அரை நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள்.
• பாட்டு இல்லாமல் பேசிப் பாருங்கள். உங்கள் குரல் உங்களுக்கே குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்டால் அடைப்பு சரி.
• வாயை அசைத்து, மென்று பாருங்கள். கழன்றால் முனையை மாற்றுங்கள். வலித்தால் சிறிய முனைக்கு மாறுங்கள்.

இன்னொரு எளிய சோதனை உண்டு. புறப்படுவதற்கு முன் வீட்டில், அமைதியான அறையில், வசதியாகக் கேட்கும் ஒலி அளவை வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியின் முழு அளவில் 60 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம். விமானத்தில் அதை மிகவும் கூட்ட வேண்டியிருந்தால், அடைப்பு சரியில்லை என்று பொருள். ஒலியைக் கூட்டாதீர்கள், முனையைச் சரிசெய்யுங்கள்.

எப்போது கழற்ற வேண்டும்?

• விமானப் பணியாளர் பாதுகாப்பு விளக்கம் தரும்போது.
• விமானம் இறங்கத் தொடங்கும்போது. காற்றழுத்தம் மாறும் அந்த நேரத்தில் காதை இறுக அடைத்திருக்க வேண்டாம். உமிழ்நீர் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், மிட்டாய் சுவையுங்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள்.
• ரயில் மேடையிலும் சாலையைக் கடக்கும்போதும். இரைச்சலைத் தடுப்பது அபாய ஒலியையும் தடுக்கும்.

காதில் சீழ், வலி, செவிப்பறையில் ஓட்டை, அண்மையில் அறுவை சிகிச்சை ஆகியவை இருந்தால், துளையை அடைக்கும் இயர்ஃபோனை அணியுமுன் மருத்துவரைக் கேளுங்கள். முனைகளைத் துடைத்து வையுங்கள், பிறரோடு பகிராதீர்கள். பஞ்சுக் குச்சியால் காதைக் குடையாதீர்கள். அது அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும்.

தொழிற்சாலையில் வேலை செய்பவர் கவனத்திற்கு

தஞ்சோங் மாலிம் வட்டாரத்தில் கார் தொழிற்சாலையிலும் செம்பனை ஆலைகளிலும் வேலை செய்பவர்கள் பலர். பாட்டுக் கேட்கும் இயர்ஃபோன் வேலையிடக் காதுக் காப்புக்கு மாற்று ஆகாது. 2019ஆம் ஆண்டு வேலையிட இரைச்சல் விதிமுறைகளின்படி, ஒரு நாளைய இரைச்சல் அளவு 85 டெசிபலைத் தாண்டக்கூடாது. முதலாளி தரும், தடுப்பு அளவு குறிக்கப்பட்ட காதுக் காப்பையே வேலை நேரத்தில் அணியுங்கள். வேலை நேர இரைச்சல், பயண நேர இரைச்சல் என்று காது பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டும் ஒரே கணக்கில்தான் சேரும். நாள் முழுவதும் இயந்திரத்தின் அருகில் நின்றவர், அன்றிரவு விமானத்தில் காதுக்கு ஓய்வு கொடுப்பதே நல்லது.

மருத்துவரை எப்போது பார்க்க வேண்டும்?

பயணத்துக்குப் பிறகு காதில் இரைச்சலோ அடைப்போ ஓரிரு நாளில் தீராவிட்டால், அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்கிற்குச் செல்லுங்கள். அங்கு மலேசியக் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட். தேவையானால் காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அனுப்புவார்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றே செல்லுங்கள். அதில் தாமதம் கூடாது.

உங்களையே கேட்டுப் பாருங்கள்

1. பயணத்தில் என் ஒலி அளவு 60 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா?
2. என் இயர்ஃபோன் இரண்டு காதிலும் சரியாக அடைக்கிறதா?
3. ஒரு மணி நேரத்திற்கு ஒரு முறையாவது காதுக்கு ஓய்வு தருகிறேனா?
4. பயணம் முடிந்த பின் காதில் ‘ஙொய்’ என்ற ஒலி கேட்கிறதா?

முதல் மூன்றில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும், நான்காவதற்கு ‘ஆம்’ என்றாலும், அடுத்த பயணத்திற்கு முன் பழக்கத்தை மாற்றுங்கள். திருச்சியில் இறங்கும்போது, காத்திருக்கும் உறவினரின் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும். இன்றும், இன்னும் முப்பது ஆண்டு கழித்தும்.