முதலில் கண், பிறகு கருவி

வயல் வேலை ஓய்ந்தாலும் நம் வீடுகளில் கை ஓய்வதில்லை. பெரும்போக அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடைப்பட்ட காலத்தில், வாவியின் படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் பன்பாய் இழைப்பதும், வலை பின்னுவதும், உடுப்புத் தைப்பதும் வழக்கம். ஓய்வு நேரக் கைவேலையாகத் தொடங்கிய இவை, 1990இலும், 2004 கடல்கோளின் பின்னும், 2006–2007 இடப்பெயர்விலும் பல குடும்பங்களின் அடுப்பை எரியவைத்தன. காணியையும் மாட்டையும் விட்டு வந்தவர்களிடம் கையில் தெரிந்த தொழில் மட்டும் மிஞ்சியிருந்தது.

ஆனால் நாற்பது வயதைத் தாண்டியதும் அந்தக் கைத்தொழிலும் மெல்ல நழுவுகிறது. ஊசியில் நூல் கோர்க்கப் பேத்தியைக் கூப்பிடுகிறோம். வலையின் கண் தவறுகிறது. “வயசு போயிற்று, இனி ஏலாது” என்று வேலையை வைத்துவிடுவோர் உண்டு. தையல் கோணுவது மெசினின் பிழை என்று எண்ணி, கடன்பட்டுப் புது மெசின் வாங்குவோரும் உண்டு. இரண்டும் நட்டமே.

இப்பாடத்தில் நாம் படிப்பது ஒன்றுதான். கைவேலைக்கு முதற் கருவி கண். அதை முதலில் இலவசமாகப் பரிசோதிப்போம். குறைந்த செலவில் சரிசெய்வோம். அதன் பின்பே மற்றக் கருவிகளுக்குப் பணத்தை எடுப்போம்.

1. வெள்ளெழுத்து நோயல்ல

கண்ணுக்குள்ளே பளிங்கு போன்ற ஒரு வில்லை இருக்கிறது. இளவயதில் அது நெகிழ்வானது. கிட்டப் பார்க்கும்போது தடித்து, தூரப் பார்க்கும்போது மெலிந்து கொடுக்கும். வயது ஏற ஏற அது இறுகும். நாற்பதை அண்டியதும் கிட்டத்துப் பொருள் மங்கத் தொடங்கும். இதைத்தான் நம் முன்னோர் வெள்ளெழுத்து என்றனர். இது அதிகம் தைத்ததால் வந்ததல்ல. விளக்கில் படித்ததால் வந்ததுமல்ல. எல்லோருக்கும் வரும். கண்ணாடி போட்டால் கண் கெட்டுவிடும் என்பதும் தவறு. கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் வில்லை இறுகிக்கொண்டுதான் போகும்.

கிட்டப் பார்வைக்கு ஒரு கண்ணாடி இருந்தால் போதும் என்ற நிலையில், அது இல்லாமல் வாழ்வோர் உலகில் 82 கோடி 60 இலட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் கணக்கிட்டது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நல்ல பகல் வெளிச்சத்தில், மருந்துப் பெட்டியொன்றை முகத்திலிருந்து ஒரு முழ தூரத்தில் பிடியுங்கள். எழுத்துத் தெரியாமல், கையை நீட்டினால் தெளிகிறதா? அப்படியானால் வெள்ளெழுத்தாக இருக்கலாம். எவ்வளவு நீட்டினாலும் தெளியவில்லை, அல்லது தூரத்தில் வருபவரின் முகமும் மங்கல் என்றால் காரணம் வேறாக இருக்கலாம்.

2. இந்தச் செலவு திரும்பி வருமா?

வரும். அயல் நாடுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அசாமில் 40 வயதுக்கு மேற்பட்ட 751 தேயிலைத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்தனர். கண்ணாடி பெற்றவர்களின் கொழுந்து பறிப்பு மற்றவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. இவ்வாய்வு 2018இல் வெளியானது.

2024இல் வெளியான மற்றோர் ஆய்வு வங்காளதேசக் கிராமங்களில், 35 முதல் 65 வயது வரையான 824 பேரிடம் நடந்தது. அவர்களுள் கைவினைஞரும் தையற்காரரும் இருந்தனர். எட்டு மாதத்தில், கண்ணாடி பெற்றவர்களின் மாத வருமானம் நடுத்தர அளவில் 35 டொலரிலிருந்து 47 டொலருக்கு உயர்ந்தது. புதுத் தொழிலோ கடனோ கொடுக்கப்படவில்லை. கண்ணாடி மட்டுமே கொடுக்கப்பட்டது.

வருமானம் மட்டுமல்ல காரணம். கிருமிநாசினிப் போத்தலில் எத்தனை மில்லிலீற்றர் என்று அச்சிட்டிருக்கிறது? குழந்தையின் மருந்தில் எத்தனை தேக்கரண்டி? ஓர் இலக்கத்தைப் பிழையாக வாசித்தால் பயிரும் போகலாம், உயிரும் போகலாம்.

3. காசு கொடுக்குமுன் வைத்தியசாலை

நம் நாட்டின் அரச வைத்தியசாலைகளில் கண் பரிசோதனைக்கும் கண்புரைச் சத்திரசிகிச்சைக்கும் கட்டணம் இல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் கண் சிகிச்சைப் பிரிவு உண்டு. முதலில் உங்கள் பிரதேச வைத்தியசாலையில் காட்டுங்கள். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு கண் கிளினிக்குக்குப் போகலாம். முன்பு கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் மண்முனைத்துறையில் பாதைக்குக் காத்திருந்தே வாவியைக் கடந்தனர். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் அந்தச் சிரமம் குறைந்துள்ளது.

போகும்போது கொண்டுசெல்ல வேண்டியவை: அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, பழைய கண்ணாடி (உடைந்திருந்தாலும்), குடிக்கும் மருந்துகளின் சிட்டை. கண்ணில் துளிமருந்து விட்டால் சில மணிநேரம் பார்வை மங்கும். துணைக்கு ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். மோட்டார் சைக்கிளைத் தனியே ஓட்டிப் போகவேண்டாம்.

பின்வருவோர் பரிசோதனை இல்லாமல் கடையில் கண்ணாடி வாங்கவே கூடாது:

அ) பிள்ளைகள். பாடசாலை வைத்திய பரிசோதனையில் குறை சொல்லப்பட்டால் தாமதிக்க வேண்டாம்.
ஆ) சீனி வருத்தம் உள்ளவர்கள். சீனி ஏறி இறங்கும்போது பார்வையும் மாறும். சீனி கட்டுப்பட்டபின் அளவெடுத்தால்தான் கண்ணாடி நிலைக்கும். இல்லாவிட்டால் இரண்டு முறை செலவு.
இ) விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிபவர்கள், கண் சிவந்து நோகிறவர்கள், மின்னல் வெட்டுவது போலக் காண்பவர்கள், பார்வை திடீரெனக் குறைந்தவர்கள். இவர்கள் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.
ஈ) கண்புரை உள்ளவர்கள். சத்திரசிகிச்சைக்கு முன் புதுக் கண்ணாடிக்குச் செலவழிக்கலாமா என்று முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். சிகிச்சைக்குப்பின் இலக்கம் மாறும்; கண் ஆறச் சில வாரங்கள் பொறுத்தே அளவெடுப்பார்கள்.

4. கண்ணாடி வாங்கும் முறை

தூரப் பார்வை நன்றாக இருந்து, இரு கண்ணும் ஒரே அளவில் இருந்து, வெள்ளெழுத்து மட்டுமே என்று தெரிந்தால், ஆயத்தக் கண்ணாடி போதும். அளவெடுத்துச் செய்யும் கண்ணாடியின் விலையில் சிறு பங்குதான் இதற்குச் செலவாகும். பெரும்பாலும் நாற்பதுகளில் +1.00 முதல் +1.50 வரையும், ஐம்பதுகளில் +1.50 முதல் +2.25 வரையும், அறுபதுக்கு மேல் +2.50 அளவும் பொருந்தும். வாங்கப் போகும்போது ஓர் ஊசியும் நூலும் கொண்டுபோங்கள். வேலை செய்யும் தூரத்தில் பிடித்து, நூல் கோர்க்க முடிகிற மிகக் குறைந்த இலக்கத்தை எடுங்கள். இலக்கம் கூடியது நல்லது என்றில்லை. கூடினால் வேலையை மூக்குக்கருகில் பிடிக்க நேரும், தலையும் இடிக்கும். இக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடக்கவோ சைக்கிள் ஓட்டவோ வேண்டாம்.

இரு கண்ணின் அளவு வேறுபட்டால் அளவெடுத்துச் செய்வதே சரி. அங்கேயும் சிக்கனத்துக்கு வழி உண்டு.

• அளவுச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். இரு கண்மணிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தையும் மில்லிமீற்றரில் எழுதித் தரச் சொல்லுங்கள். சீட்டு கையில் இருந்தால் இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்கலாம். கடையொன்று இலவசமாகப் பரிசோதித்தாலும் அங்கேயே வாங்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.
• பழைய பிரேம் உறுதியாக இருந்தால் வில்லையை மட்டும் மாற்றலாம்.
• கிட்டவும் தூரமும் இரண்டும் வேண்டுமென்றால், இரண்டு சாதாரணக் கண்ணாடி, ஒரே சட்டத்தில் இரண்டு பகுதி கொண்ட கண்ணாடி ஆகிய இரண்டுக்கும் விலை கேட்டு ஒப்பிடுங்கள்.
• வெயிலில் கறுக்கும் வில்லை, நீல ஒளியைத் தடுக்கும் பூச்சு ஆகியவை விலையைக் கூட்டும். நீல ஒளிப் பூச்சு கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று 2023இல் 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறினர். அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

விலை கூடியதெல்லாம் தரம் கூடியதென்று நினைக்கவேண்டாம். கண்புரைச் சிகிச்சையில் கண்ணுக்குள் வைக்கும் வில்லை ஒருகாலத்தில் ஏழைக்கு எட்டாத விலையில் இறக்குமதியானது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் 1992இல் ஆரோலேப் நிலையத்தைத் தொடங்கி, அதே தேவைக்கான வில்லையை மிகக் குறைந்த விலையில் செய்து காட்டினர்.

5. வாங்கியதைக் காப்பது

தூசு படிந்த வில்லையைச் சேலைத் தலைப்பால் துடைத்தால் கீறல் விழும். நீரும் சிறிது சவர்க்காரமும் விட்டுக் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றுங்கள். வில்லை நிலத்தில் படும்படி வைக்கவேண்டாம். பனையோலையில் ஒரு சிறு உறை இழைத்துக்கொள்ளலாம். கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டால் தொலையாது.

வெள்ளமோ வேறு ஆபத்தோ வந்து வீட்டைவிட்டு ஓடியபோது, பலர் கண்ணாடியையும் சீட்டையும் சேர்த்தே இழந்தனர். ஆகவே உங்கள் இலக்கத்தை மூன்று இடத்தில் எழுதி வையுங்கள்: அடையாள அட்டையோடு வைக்கும் காகிதத்தில், கிளினிக் கொப்பியில், வேறு ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரிடம். கண்ணாடி போனாலும் இலக்கம் போகாது.

6. இனிக் கருவிகள்

கண் தெளிந்தபின் வெளிச்சத்தைக் கவனியுங்கள். அறுபது வயதுக் கண்ணின் உட்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். நுண்ணிய வேலையைக் காலை வெளிச்சத்தில், வாசற்பக்கம் இருந்து செய்வது செலவில்லாத வழி. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் வேலை இருந்தால் அதை இரவுக்கு வைக்கவேண்டாம்.

அடுத்து, காசில்லாத கருவியிலிருந்து தொடங்குங்கள். பன்பாய்க்குக் கத்தியும் பழகிய கையும் போதும். வலை ஊசியை மூங்கிலில் சீவி எடுக்கலாம். கண்ணின் அளவுக்கு ஒரு மரச்சில்லை வெட்டிக்கொள்ளலாம்.

தையல் மெசின் தேவையானால், பழைய கால்மெசினை முதலில் தேடுங்கள். மின்சாரம் இல்லாத இடத்திலும் ஓடும், உதிரிப்பாகமும் கிடைக்கும். சிங்கர் நிறுவனம் 1877இலேயே இந்நாட்டுக்கு வந்தது. அதனால் அவ்வகை மெசினைத் திருத்தத் தெரிந்தவர்களும் ஊர்தோறும் உண்டு. வாங்குமுன் பாருங்கள்:

• கைச்சில்லைச் சுற்றும்போது இறுக்கமோ தட்டும் சத்தமோ இருக்கக்கூடாது.
• இரண்டு மடிப்புத் துணியில் ஒரு முழம் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். மேல் தையலும் கீழ்த் தையலும் ஒரேமாதிரி இருக்கவேண்டும்.
• தையல் தாண்டினால் உடனே மெசினைக் குறைசொல்ல வேண்டாம். புது ஊசி போட்டுப் பாருங்கள். முனை மழுங்கிய ஊசியே பெரும்பாலும் காரணம்.
• மெசினுக்குத் தேங்காய் எண்ணெய் விடவேண்டாம். அது நாளடைவில் பிசினாகி இறுகும். மெசின் எண்ணெயில் சில துளி போதும். முன்னதாக உள்ளே சேர்ந்த பஞ்சைத் தட்டிவிடுங்கள்.

7. கடன்படாமல் வாங்குவது

2022இல் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தபோது இறக்குமதிப் பொருட்களின் விலை ஏறியது. கண்ணாடியும் மெசினும் அதற்கு விலக்கல்ல. அவசரத்தில் நுண்கடன் எடுக்க மனம் வரும். கிழமைதோறும் தவணைக்கு ஆள் வாசலுக்கு வரும்போது படும் பாட்டை நம் கிராமத்துப் பெண்கள் அறிவார்கள். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு அரசே நுண்கடன் நிவாரணம் அறிவிக்கவேண்டிய அளவுக்கு அச்சுமை முற்றியது.

மாற்று வழி கூட்டுச் சேமிப்பு. பத்துப் பெண்கள் கிழமைக்கு 100 ரூபா வீதம் போட்டால் கிழமைக்கு 1,000 ரூபா. ஒரு வருடத்தில் 52,000 ரூபா. முதல் சில கிழமைப் பணத்தில், பரிசோதனை முடிந்தவர்களுக்கு ஆயத்தக் கண்ணாடி வாங்குங்கள். அடுத்து பொதுவாக ஒரு பழைய மெசின் வாங்கி, முறை வைத்துப் பாவியுங்கள். யார் பெயரில் கணக்கு, மெசின் பழுதானால் யார் பொறுப்பு என்பதை முதல் நாளே கொப்பியில் எழுதுங்கள். வருமானம் மெசினின் விலையை எடுத்துத் தந்தபின் இரண்டாவது மெசினைப் பற்றி யோசிக்கலாம்.

கூட்டத்தில் கலந்துரையாட:

1. நம் கிராமத்தில் கண் தெரியாததால் கைவேலையை விட்டவர்கள் யார்? அவர்களில் எத்தனை பேர் வைத்தியசாலையில் காட்டியுள்ளனர்?
2. ஒரே நாளில் ஐந்தாறு பேர் சேர்ந்து கிளினிக்குக்குப் போக என்ன ஒழுங்கு செய்யலாம்? நடக்க முடியாத முதியவருக்கு யார் துணை?
3. நம் வீடுகளில் பாவிக்காமல் கிடக்கும் மெசின், பிரேம், வலைச் சாமான் என்னென்ன?
4. அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஓர் ஊசியும் நூலும் கொண்டுவாருங்கள். நாற்பது கடந்தவர்கள் பிறர் உதவியின்றிக் கோர்த்துப் பாருங்கள். முடியாதவர்களின் பெயரைக் குறித்து, அவர்களை முதலில் கிளினிக்குக்கு அனுப்புவோம்.