பாங்குக் கடனின் வட்டி உயரும்போது

கடன் வாங்கிய நாளில் பாங்கில் கையொப்பமிட்ட பத்திரங்களை அதன்பின் ஒருமுறையேனும் எடுத்துப் படித்தவர்கள் நம் கிராமங்களில் எத்தனை பேர்? மாதத் தவணை மாறாதிருக்கும் வரையில் வட்டியும் மாறவில்லை என்றே நாம் எண்ணிவிடுகிறோம். இவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை ஒரு சிறு கணக்கைக் கொண்டு பார்ப்போம்.

உழவர் ஒருவர் வீடு கட்டுவதற்காக 10 லட்சம் ரூபாய் கடன் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 7 சதவிகிதம். காலம் 20 ஆண்டுகள், அதாவது 240 தவணைகள். மாதத் தவணை ஏறத்தாழ 7,753 ரூபாய் ஆகும். முதல் மாதத்தில் இதில் 5,833 ரூபாய் வட்டிக்குப் போக, மீதி 1,920 ரூபாய் அசலில் கழியும். சிறிது காலத்திற்குப் பின் வட்டி 9½ சதவிகிதமாக உயர்கிறது. பாங்கு தவணையை உயர்த்தவில்லை. உழவருக்கும் ஒன்றும் தெரிவிக்கவில்லை. கணக்கு எளிதாகும் பொருட்டு அசலை 10 லட்சமாகவே கொண்டால், இப்பொழுது ஒரு மாத வட்டி மட்டுமே 7,917 ரூபாய்! அவர் கட்டுவதோ 7,753 ரூபாய். வட்டிக்கே 164 ரூபாய் போதவில்லை. அத்தொகை அசலுடன் சேர்கிறது. ஒரு தவணையும் தவறாமல் கட்டி வருகிறவரின் கடன் குறைவதற்குப் பதிலாக மாதந்தோறும் வளர்ந்து வருகிறது.

உழவர் நம் கற்பனை. வட்டி உயர்வு கற்பனையன்று. 2019 அக்டோபர் 1 முதல், பாங்குகள் தனிநபர்களுக்குப் புதிதாக வழங்கும் மாறும் வட்டிக் கடன்களைப் பாங்கின் சொந்த விகிதத்துடன் அல்லாமல் வெளியிலுள்ள ஓர் அடிப்படை விகிதத்துடன் இணைத்தல் வேண்டும் என்று ரிசர்வ் பாங்கு விதித்தது. பெரும்பாலான பாங்குகள் ரிசர்வ் பாங்கின் ரெப்போ விகிதத்தையே அதற்கு எடுத்துக்கொண்டன. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவிகிதமாக இருந்த ரெப்போ விகிதம், 2023 பிப்ரவரியில் 6½ சதவிகிதத்தை எட்டியது. பத்து மாதங்களுக்குள் 2½ சதவிகித உயர்வு. பல பாங்குகள் தவணையை உயர்த்தாமல் கடன் காலத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போயின. ஐம்பது வயதில் கடன் பெற்றவருக்கு எழுபது வயதுக்கு அப்பாலும் தவணை நீண்டால், அச்சுமை அவர் மக்கள் தலையில் அன்றோ விழும்?

இக்குறையை நீக்கும் பொருட்டு 2023 ஆகஸ்டு 18-ஆம் நாள் ரிசர்வ் பாங்கு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. சமத்தவணைகளில் செலுத்தும் மாறும் வட்டித் தனிநபர் கடன்களுக்கு அது பொருந்தும். ரிசர்வ் பாங்கின் வழக்கில் தனிநபர் கடன் என்பது ஈடில்லாமல் பெறும் கைமாற்றுக் கடனை மட்டும் குறிப்பதன்று. வீட்டுக் கடனும் கல்விக் கடனும் அதில் அடங்கும். பயிர்க் கடன் அதில் சேராது. வட்டி உயர்ந்து, அதனால் தவணையோ காலமோ மாறுமாயின் அதை உடனே கடனாளிக்குத் தெரிவித்தல் வேண்டும். தவணையை உயர்த்திக்கொள்வதா, காலத்தை நீட்டிக்கொள்வதா, இரண்டிலும் சிறிது சிறிதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கடனாளிக்கு உண்டு. காலத்தை நீட்டுவதால் நாம் மேலே கண்டதைப் போன்று கடன் வளரும் நிலை ஏற்படலாகாது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை, அதுவரை வசூலான அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை உள்ளது என்பவற்றை எளிய முறையில் காட்டும் கணக்கு அறிக்கையும் கொடுத்தல் வேண்டும். இவ்வறிக்கையைக் கேட்டுப் பெறுகிறவர் சிலரே. ஆனால் எந்த வழக்கும் இத்தாளிலிருந்துதான் தொடங்க முடியும்.

ரெப்போ விகிதம் ஏறியதால் நம் வட்டி ஏறினால் அதில் அநியாயம் இல்லை. கடன் பெற்றபோது அதற்கு நாம் இசைந்திருக்கிறோம். அநியாயம் நுழையும் வாயில் வேறு. வட்டியில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று அடிப்படை விகிதம். மற்றொன்று அதன்மேல் பாங்கு தன் செலவுக்கும் ஆபத்துக்குமாகச் சேர்க்கும் கூட்டு விகிதம். ரெப்போ 6½, கூட்டு 2¾ என்று பத்திரத்தில் இருந்தால் வட்டி 9¼ சதவிகிதமாதல் வேண்டும். பாங்கு 9¾ வசூலித்தால் அந்த அரைச் சதவிகிதம் எங்கிருந்து வந்தது? ஐந்து லட்சம் ரூபாய் அசலுக்கு அது ஆண்டுக்கு 2,500 ரூபாய். வெளி விகிதத்துடன் இணைந்த கடன்களில் ஆபத்துக்கான பகுதியை நினைத்தபோதெல்லாம் மாற்றுதல் இயலாது. கடனாளியின் கடன் தகுதி பெரிதும் மாறினால்தான், அதுவும் ஒப்பந்தத்தில் கண்டபடிதான், மாற்றலாம். செலவு முதலிய ஏனைய பகுதிகளை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் உயர்த்தலாம். கடனாளிக்கு நன்மையாகக் குறைப்பதாயின் அதற்கு முன்னரும் குறைக்கலாம் என்று 2025 அக்டோபர் முதல் விதி தளர்த்தப்பட்டது.

ஏறும்போது விரைந்து ஏறிய வட்டி, இறங்கும்போது தயங்கி நிற்பதும் உண்டு. 2025-ஆம் ஆண்டில் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், டிசம்பர் மாதங்களில் ரெப்போ விகிதம் குறைக்கப்பட்டு 6½-லிருந்து 5¼ சதவிகிதத்திற்கு வந்தது. வெளி விகிதத்துடன் இணைந்த கடனுக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் வட்டியைத் திருத்தியமைத்தல் வேண்டும். ஆதலால் இக்குறைப்பு தம் கணக்கில் இறங்கியிருக்கிறதா என்று கடனாளிகள் சரிபார்த்தல் நன்று. 2019-க்கு முற்பட்ட கடன்கள் பாங்கின் உள் விகிதத்தைப் பின்பற்றியே நடந்து வரலாம். அவற்றைப் புதிய முறைக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம்.

நிலையான வட்டி என்று பத்திரத்தில் எழுதியிருந்தால் இடையில் உயர்த்த இடமில்லை என்பது பொது நியதி. எனினும் சில பத்திரங்களில் நிலையான வட்டி என்று முன்பக்கத்தில் அச்சிட்டு, சில ஆண்டுகளுக்குப் பின் திருத்தலாம் என்ற ஷரத்தைப் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் சேர்ப்பதுண்டு. 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் கடன்களுக்கு, முக்கிய விவரங்களைத் தொகுத்துக் கூறும் ஓர் அறிக்கையைக் கடனாளி அறிந்த மொழியில் கொடுத்தல் வேண்டும். அதில் காணாத கட்டணத்தை அவருடைய வெளிப்படையான சம்மதமின்றி வசூலிக்கலாகாது. தவணை தவறியதற்காக வட்டி விகிதத்தையே கூட்டும் அபராத வட்டி முறையும் 2024 ஜூன் மாதத்திற்குள் நீக்கப்பட்டது. அபராதக் கட்டணம் மட்டும் விதிக்கலாம், அதன்மேல் வட்டி ஏற்றலாகாது.

புகார் எழுதும்போது நம்மவர் செய்யும் பெரும் பிழை ஒன்று உண்டு. "வட்டி அதிகமாயிருக்கிறது, ஏழை உழவன், தயவு காட்டுங்கள்" என்று எழுதுவார்கள். இதற்குப் பாங்கு இரக்கத்துடன் ஒரு மறுப்புக் கடிதம் அனுப்பும். காரியம் அத்துடன் முடியும். 1984-இல் பாங்கு ஒழுங்குமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 21-ஏ பிரிவின்படி, வட்டி மிகையானது என்ற ஒரே காரணத்திற்காகப் பாங்குக் கடன் கணக்கை நீதிமன்றம் மீண்டும் திறந்து பார்த்தல் இயலாது. ஆனால் ரிசர்வ் பாங்கின் கட்டளைக்கு மாறாக வட்டி விதிக்கப்பட்டிருந்தால் நிலைமை வேறு. சென்டிரல் பாங்கு ஆப் இந்தியாவுக்கும் ரவீந்திரா என்பவருக்கும் இடையிலான வழக்கில் 2001 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சட்ட அமர்வு, அவ்வாறு விதித்த வட்டியை அசலில் சேர்க்கலாகாது என்று தீர்ப்பளித்தது. விவசாயக் கடன்களில் வட்டியை மூன்று மாதத்திற்கு ஒருமுறை அசலில் சேர்த்து வட்டிக்கு வட்டி வாங்கலாகாது என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. எனவே, வட்டி கூடுதல் என்று எழுதாமல், எந்த விதி மீறப்பட்டது என்று எழுதுதலே வழி.

மனு நீளமாக இருக்க வேண்டியதில்லை. கிளை மேலாளருக்கு இவ்வாறு எழுதலாம்:

"ஐயா, எனது இன்ன எண்ணுள்ள கடன் கணக்கில் வட்டி விகிதம் இன்ன தேதியில் இவ்வளவிலிருந்து இவ்வளவாக உயர்த்தப்பட்டுள்ளது. இது குறித்து எனக்கு அறிவிப்பு வரவில்லை. தவணையையோ காலத்தையோ தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் அளிக்கப்படவில்லை. உயர்வில் அடிப்படை விகிதத்தின் பங்கு எவ்வளவு, கூட்டு விகிதத்தின் பங்கு எவ்வளவு, எந்த ஷரத்தின்படி உயர்த்தப்பட்டது என்பவற்றை எழுத்து மூலம் தெரிவிக்கவும். கடன் பத்திரத்தின் நகலும் தொடக்கம் முதலான கணக்கு அறிக்கையும் தருக. கூடுதலாக வசூலித்த தொகையை என் கணக்கில் வரவு வைக்குமாறு வேண்டுகிறேன்."

இம்மனுவை நேரில் கொடுத்து, நகலில் தேதியுடன் பாங்கின் முத்திரையைப் பெறுதல் வேண்டும். அல்லது பதிவுத் தபாலில் அனுப்புதல் வேண்டும். வாயால் சொல்லி வந்த புகார் புகாராகாது. வட்டி மாற்றத்தை முன்னதாக அறிவித்து, அறிவித்த நாளுக்குப் பிந்திய காலத்திற்கே செயற்படுத்த வேண்டும் என்பது 2003-ஆம் ஆண்டு முதலே ரிசர்வ் பாங்கு வகுத்த நியாய நடைமுறை நெறியில் உள்ளது. பின்தேதியிட்டு வட்டி ஏற்றியிருந்தால் இதையும் மனுவில் எடுத்துக்காட்டலாம்.

முப்பது நாட்களுக்குள் மறுமொழி வராவிட்டாலும், வந்த மறுமொழி திருப்தியளிக்காவிட்டாலும் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம் 2021 நவம்பர் 12-இல் தொடங்கப்பட்டது. இதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. சண்டிகரிலுள்ள மையத்திற்குத் தபாலிலும் மனு அனுப்பலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். பாங்கிற்கு முதலில் எழுதாமல் நேரே இங்கு வந்த மனுக்கள் தள்ளப்படும். காலங்கடந்த மனுவும் அவ்வாறே. நுகர்வோர் ஆணையத்தை நாடுவோர், குறை நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் செல்லுதல் வேண்டும்.

வழக்கு நடக்கிறதே என்று தவணையை நிறுத்திவிடுகிறவர்கள் தம் கையாலேயே தம் வழக்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள். தவணை நின்றால் கடன் தகுதிப் பதிவு கெடும். வீடு ஈடாக இருந்தால் அதன்மேல் நடவடிக்கை வரும். ஆட்சேபணையை எழுத்தில் தெரிவித்துக்கொண்டே தவணையைக் கட்டி வருதல் வேண்டும். மாறும் வட்டியில் சொந்தத் தேவைக்காகக் கடன் பெற்ற தனிநபர், கைக்குப் பணம் வந்த காலத்தில் அபராதமின்றி முன்கூட்டியே செலுத்தலாம். அறுவடைப் பணத்தில் ஒரு பகுதியை இவ்வாறு அசலில் கட்டுவது, ஓராண்டு கடிதப் போக்குவரத்தைவிட அதிகப் பயன் தருவதும் உண்டு.

பயிர்க் கடனைப் பற்றி ஒரு சொல். உரிய நாளில் திருப்பிச் செலுத்தும் உழவருக்கு அரசின் வட்டிச் சலுகை கிடைக்கிறது. நாள் தவறினால் சலுகை நீங்கி, முழு வட்டி விழும். பாங்கு வட்டியை ஏற்றிவிட்டது என்று சிலர் கொதிப்பது உண்மையில் இந்தச் சலுகை போனதைத்தான். புகார் எழுதுமுன் இதைச் சரிபார்த்தல் நலம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பெற்ற கடனாயின் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் போவதில் பயனில்லை. கூட்டுறவுத் துறை அதிகாரிகளையே அணுகுதல் வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதில் செய்யக்கூடியது உண்டு. தனியொருவர் கேட்டால் கிடைக்காத கணக்கு அறிக்கை, பத்துப் பேர் சேர்ந்து ஒரே வாரத்தில் எழுதிக் கேட்டால் கிடைக்கிறது. ஊரில் பாங்குக் கடன் உள்ளவர்களின் பத்திரங்களை ஒரு மாலை நேரத்தில் பஞ்சாயத்து அலுவலகத்தில் விரித்து வைத்து, கணக்கறிந்த ஓர் ஆசிரியரையோ படித்த இளைஞரையோ கொண்டு பார்க்கச் செய்யலாம். மாவட்ட முன்னோடி பாங்கின் மேலாளரைக் கிராம சபைக்கு அழைத்து, கேள்விகளை அவர் முன்னிலையில் கேட்கலாம். அழைப்புக் கடிதத்துடன் கேள்விகளையும் முன்னதாகவே எழுதியனுப்பிவிட்டால், விவரங்களுடன் வர அவருக்கும் வசதியாக இருக்கும்.