சம்பா விதை வாங்குமுன் மண்ணைப் பாருங்கள்

ஆவணி பிறந்துவிட்டது. உப்புத் தாங்கும் ரகம் கேட்டுப் பலர் விதைக்கடைக்குக் கிளம்பியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வயல் களரா, உவரா? மண் பரிசோதனை முடிவு கையில் இல்லாமல் விதை வாங்காதீர்கள்.

சென்ற சம்பாவில், நட்ட மூன்றாம் வாரமே சொட்டை விழுந்த வயல்களைப் பார்த்தோம். "தாங்கும்னுதானே குடுத்தாங்க" என்றார்கள். ரகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. எதைத் தாங்கும் என்று கேட்டீர்களா?

உவரில் கரையும் உப்பு மிகுதி. மின்கடத்தும் திறன் 4-க்கு மேல் காட்டும், காய்ந்தால் வெள்ளை பூக்கும். களரில் பி.ஹெச். 8.5-க்கு மேல், சோடியம் மண்துகளோடு ஒட்டிக்கொள்வதால் தண்ணீர் இறங்காது, துத்தநாகம் மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாது. இரண்டும் வேறு வேறு நோய். பயிர் பிழைக்கும் வழியும் வேறு.

கேரளக் கடலோரத்துப் பொக்காளி நெல்லின் முதல் குரோமோசோமில் 'சால்டால்' என்றொரு மரபுப்பகுதி இருக்கிறது. அங்குள்ள ஒரு மரபணு, இலைக்கு ஏறும் நீரிலிருந்து சோடியத்தை வேர்ப்பக்கமே இழுத்து நிறுத்துகிறது. இலை கருகாமல் தப்புகிறது. ஆனால் சால்டாலின் காவல் நாற்றுப் பருவத்துக்குத்தான். பூக்கும் பருவத்தில் உப்பைத் தாங்க வேறு மரபணுக்கள் வேண்டும். களரின் துத்தநாகப் பஞ்சத்தையும் அது தீர்க்காது. களருக்கென்றே திருச்சி வேளாண் கல்லூரியில் உருவானது திருச்சி 3 ரகம். நாகைக் கடலோர உவரில் பழைய குழியடிச்சான் நெல் இன்றும் நிற்கிறது. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டுவிட்டு விளையவில்லை என்று வராதீர்கள்.

மற்றவை வழக்கம்போல. தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழவும். 25 முதல் 30 நாள் நாற்று. 14 நாள் இளநாற்று இங்கே வேண்டாம். களரில் ஏக்கருக்கு 15 கிலோ சிங்க் சல்பேட். சூப்பர் பாஸ்பேட்டோடு கலக்காதீர்கள். ஜிப்சம் களருக்கு மட்டும், பரிசோதனை சொன்ன அளவு. போட்டபின் தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் வீண்செலவு. உவருக்கு நல்ல தண்ணீர் கட்டி வடிப்பதே மருந்து. நட்ட மூன்று வாரமும் பூக்கும் சமயமும் வயலைக் காயவிட்டால் அடி உப்பு மேலேறிவிடும். போர் தண்ணீரையும் பரிசோதியுங்கள்.

திரும்பவும் சொல்கிறோம்: முதலில் மண், பிறகு விதை. வரப்போரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம் தவிர்த்துப் பத்துப் பதினைந்து இடங்களில் 'வி' வடிவில் அரையடி வெட்டி, மண்ணைக் கலந்து, அரைக் கிலோவை நிழலில் உலர்த்தி ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். பக்கத்து வயல்காரர் முடிவு உங்களுக்கு உதவாது. முடிவுத்தாளோடு வந்தால் ரகம் சொல்கிறோம். வெறுங்கையோடு வந்தால் திருப்பி அனுப்புவோம்.