பரணில் கிடைத்த அவரை விதை

கேள்வி: எங்கள் அப்பத்தா இறந்து ஆறு வருடம் ஆகிறது. போன மார்கழியில் பழைய வீட்டைப் பிரித்தபோது பரணில் ஒரு சுரைக்குடுக்கை கிடைத்தது. உள்ளே சாம்பலோடு 22 விதைகள். 15 கருப்பு, 6 செம்பழுப்பு. இந்த இரண்டிலும் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு மேடிட்டு நிற்கிறது. ஒரே ஒரு விதை மட்டும் ரோஜா நிறத்தில், கட்டைவிரல் நுனி பருமனுக்கு, நீளவாக்கில் பழுப்புக் கோட்டோடு இருக்கிறது. தை மாதம் கருப்பில் மூன்றை வேலியோரம் ஊன்றினேன். இரண்டு முளைத்து முருங்கை மரத்தில் ஏறிவிட்டன. ஆனி பிறந்தும் ஒரு பூ இல்லை. ‘மலட்டுக் கொடி, வெட்டிப் போடு’ என்கிறார்கள் வீட்டில். அப்பத்தா ‘ஆட்டுக்கொம்பு அவரை’ என்று அடிக்கடி சொல்வார். அந்தப் பெயரில் ஒரு விதைத் திருவிழாவில் வாங்கிய விதை வேறு நிறமாக இருக்கிறது. என்னிடம் இருப்பது என்ன? இதை எப்படிப் பெருக்குவது?
– ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: முதலில் அரிவாளை உள்ளே வையுங்கள். அந்தக் கொடிகள் நன்றாகத்தான் இருக்கின்றன. நீங்கள் பட்டம் தப்பி ஊன்றிவிட்டீர்கள்.

பழைய கொடி அவரைகள் பகல் பொழுதின் நீளத்தைப் பார்த்துப் பூக்கிறவை. உங்கள் பகுதியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். நமக்கு அது உறைப்பதே இல்லை, கொடிக்கு உறைக்கும். தையில் பகல் குறுகியதுதான், ஆனால் அப்போது உங்கள் கொடி பிஞ்சு. அது வளர்ந்து வருவதற்குள் பகல் நீண்டுவிட்டது. இனி புரட்டாசியில் பகலும் இரவும் சமமாகி, பகல் இரவைவிடக் குறையத் தொடங்கிய பிறகுதான் மொட்டுக் கட்டும். ஆடியில் ஊன்றினால் மூன்று மாதம் கொடி ஓடி, ஐப்பசி கார்த்திகையில் பூத்து, பொங்கலுக்குக் காய் தருகிற கணக்கு இதில்தான் இருக்கிறது. கடையில் விற்கும் குத்து அவரை எந்தப் பட்டத்திலும் காய்ப்பது, பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத செடிகளாகப் பார்த்து வளர்ப்பாளர்கள் பொறுக்கியெடுத்ததால். உங்கள் கொடி பூக்காமல் காத்திருப்பதே அது பழைய விதை என்பதற்கு ஒரு சாட்சி. ஆனியில் தழை அதிகமாக இருந்தால் நுனிகளைக் கிள்ளிவிடுங்கள், பக்கக்கிளை வெடிக்கும். எரு வைக்காதீர்கள். மேலும் தழைத்துக்கொண்டே போகும்.

அடுத்தது, என்ன விதை என்பது. காயோடு ஒட்டியிருந்த இடத்தில் எல்லாப் பயறு விதைக்கும் ஒரு தழும்பு உண்டு, நமக்குத் தொப்புள் மாதிரி. நிறத்தை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் மேடிட்ட வெள்ளைக் கோடு அவரை, மொச்சை இனத்தின் அடையாளம். பீன்ஸிலோ தட்டைப்பயறிலோ அப்படி நீளமாக எழும்பி நிற்காது. பூனைக்காலியில் மேடு இருக்கும், ஆனால் குட்டையாக. முளைப்பிலும் வித்தியாசம் தெரியும். அவரை தன் இரண்டு பருப்பையும் மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு வரும், பூனைக்காலி மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு வரும். பூ வந்ததும் ஒன்றைப் பறித்து உள்ளிதழைப் பிரித்துப் பாருங்கள். பீன்ஸ் பூவில் படகு போன்ற அந்த இதழ் நத்தை ஓடாகச் சுருண்டிருக்கும். அவரைப் பூவில் முழங்கையை மடக்கியது போல் ஒரே மடிப்பாக நிற்கும்.

அவரையா மொச்சையா என்பதைக் காய்தான் சொல்லும். முற்றிய காயை ஓரமாகப் பிளந்து பாருங்கள். விதைகள் காயின் விளிம்புக்கு இணையாக நீளவாக்கில் படுத்திருந்தால் அது காயாகச் சமைக்கிற அவரை. விளிம்புக்குக் குறுக்கே அடுக்கியிருந்து, காயைத் தொட்ட விரலில் எண்ணெய்ப் பிசுக்கும் வாடையும் ஒட்டினால் மொச்சை. ‘மொச்சை நாற்றம்’ என்று நாம் சொல்வது அந்த வாடையைத்தான்.

பெயர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஆட்டுக்கொம்பு, யானைக்காது, கோழி அவரை என்பவை காயைப் பார்த்து வாயில் வந்த பெயர்கள். காய் வளைந்திருந்தால் எந்த ஊரிலும் அது ஆட்டுக்கொம்பாகும். ஒரே பெயரில் இரண்டு ஊரில் இரண்டு விதை இருப்பது சகஜம். மூக்குத்தி அவரையைப் பாருங்கள், அது பயறு வகையே கிடையாது, தாளிக்கொடிகளின் சொந்தம். ஆகவே விலைக்கு வாங்கியதை அப்பத்தாவின் விதையோடு ஒப்பிட்டு எது அசல் என்று முடிவு கட்ட வேண்டாம். இரண்டையும் ஒரே டப்பாவில் போடவும் வேண்டாம்.

மகரந்தக் கலப்பு பற்றி நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைப் பூ அவரை ஒன்றும் ஊதாப் பூ அவரை ஒன்றும் என்னிடம் இருந்தன. இடம் இல்லாததால் ஒரே பந்தலில் ஏற்றினேன். அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்தில்தான் காய்க்கும் என்று படித்திருந்த தைரியம். தேனீக்கும் கருவண்டுக்கும் அந்த ‘பெரும்பாலும்’ போதும். அந்த வருட விதைகள் பார்வைக்கு அச்சாகத் தாய் விதை போலவே இருந்தன. அதுதான் ஏமாற்றும். விதையின் தோல் தாய்க்கொடியின் பங்கு, தகப்பன் வேறாக இருந்தாலும் நிறம் மாறாது. மறு வருடம் வெள்ளை விதையில் முளைத்த சில நாற்றுகளின் தண்டு ஊதாவாக வந்தபோதுதான் புரிந்தது. ஊதா மேலோங்கும் குணம் என்பதால் வெள்ளைக்குள் புகுந்த கலப்பு வெளியே தெரிந்தது. அந்த நாற்றுகளைப் பிடுங்கினேன். ஊதாவுக்குள் புகுந்த வெள்ளை தெரியவே இல்லை. அந்த ஊதாவை என்னால் திரும்பச் சுத்தப்படுத்த முடியவில்லை. இன்றுவரை மனம் ஆறவில்லை.

அதனால், உங்கள் வேலியில் இந்த வருடம் கருப்பு மட்டும் நிற்கட்டும். மீதி 12இல் நான்கை ஆடியில் ஊன்றி, எட்டைக் கையில் வையுங்கள். செம்பழுப்பில் மூன்றை வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான சொந்தத்திடம் கொடுத்து வளர்க்கச் சொல்லுங்கள். அங்கே வேறு அவரை பூக்காமல் இருப்பது முக்கியம். கலப்பும் தடுக்கப்படும். ஒரு வீட்டில் மாடு மேய்ந்துவிட்டாலும் மற்ற வீட்டில் விதை இருக்கும். அப்படி ஆள் கிடைக்காவிட்டால் மொட்டு விரியும் முன்பே நாலைந்து பூங்கொத்துகளுக்கு மெல்லிய வலைத்துணியில் பை தைத்துக் கட்டுங்கள். காய் சற்றுக் குறையலாம், விதை சுத்தமாக இருக்கும்.

பழைய விதையை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். காய்ந்து கிடந்த விதை வேகமாக நீர் குடித்தால் உள்ளே வெடித்துக் கெடும். ஈரத்துணியில் சுற்றி ஒன்றிரண்டு நாள் வையுங்கள். உப்பாமலே கிடந்தால், தழும்புக்கு எதிர்ப்பக்கம் நகவெட்டியால் தோலை மட்டும் ஒரு கிள்ளு கிள்ளுங்கள்.

அந்தப் பெரிய ஒற்றை விதை தம்பட்டை அவரை. பழுப்புத் தழும்பு விதையின் நீளம் முழுக்க ஓடுவதால் சொல்கிறேன். ஒன்றுதான் இருக்கிறதே என்று பூட்டி வைத்தால் இருப்பதும் செத்துவிடும். இந்த ஆடியிலேயே ஊன்றுங்கள். வாள் போல நீண்ட காய் வரும். பிஞ்சில் சமைக்கலாம், முற்றிய விதையில் நச்சு உண்டு, சாப்பிடாதீர்கள். அவரை, மொச்சையின் காய்ந்த விதையையும் ஊறவைத்து, நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிய பிறகே உண்ண வேண்டும். குடுக்கையில் சிவப்பில் கருப்புப் பொட்டு வைத்த குண்டுமணி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது கொல்லும் விஷம். குழந்தைகள் கையில் படக்கூடாது.

விதைக்கென்று நடுப்பருவத்துக் காய்களை விடுங்கள். கடைசியில் மிஞ்சியதை விதைக்கு எடுப்பது தவறான பழக்கம். ஒரே கொடியில் எடுக்காமல் எல்லாக் கொடியிலும் இரண்டிரண்டு நெற்றாவது எடுங்கள். இலையில் மஞ்சள் திட்டு விழுந்த கொடியை விட்டுவிடுங்கள். நெற்று கொடியிலேயே சலசலக்கக் காய வேண்டும். உரித்த விதையையும் நிழலில் காயவையுங்கள். கடித்தால் பல் பதியக் கூடாது. வண்டு காயிலேயே முட்டை வைத்துவிடும் என்பதால், பிறகு காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் வண்டு சாகும். ஈரம் இருந்தால் விதையும் சேர்ந்து சாகும். ஃப்ரீசர் இல்லாவிட்டால் அப்பத்தா செய்தது போலச் சலித்த சாம்பல் போதும். ஆறு வருடத்துக்கு மேல் பரண் சூட்டில் கிடந்து மூன்றில் இரண்டு முளைத்திருக்கிறதே, அந்தக் கையின் பக்குவத்தை நினைத்துப் பாருங்கள்.

காய் வந்ததும் ஒரு கொத்தைப் பறித்துக்கொண்டு அப்பத்தா வயதுக்காரர்களிடம் போங்கள். விதையைக் காட்டினால் தெரியாது என்பார்கள். காயைக் கையில் கொடுத்தால் பெயரும் வரும், எந்த வீட்டு வேலியிலிருந்து வந்தது என்பதும் வரும். சொன்னதைச் சொன்னபடியே எழுதி, தேதியோடு பாட்டிலுக்குள் போட்டு வையுங்கள்.